பெட்ரோல் ரசீதுகள் கருத்த வாரம்

மார்ச் 4
மன்னிக்க வேண்டும். வேலைக்குறிப்பு எழுதத்தான் ஆடிட்டர் இந்த டைரியைக் கொடுத்தார், என் கதைக்கு இல்லை. ஆனால் எனக்கு வாயைவிடப் பேனா சுலபம்.

இன்று முதல்முறையாகத் தனியாக ஒரு வேலை. வேன் ஓட்டும் அக்காவின் ஒரு வருஷத்துப் பெட்ரோல் ரசீதுகளைக் கையடக்க ஸ்கேனரில் விட்டு, மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். அக்கா ரசீது அடைத்த பிஸ்கட் டின்னை என் மேஜையில் கவிழ்த்தார். "பத்திரம் தங்கச்சி. செலவைக் காட்டலேன்னா வரி என்னை முழுங்கிடும்."

மார்ச் 5
ரசீதெல்லாம் சுருண்டு கிடக்கிறது. ஸ்கேனர் ஒரு மூலையைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. கால்வாசிகூட முடியவில்லை. அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, டின்னையும் ஸ்கேனரையும் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

அம்மா யார் யார் வீட்டுத் துணியையோ தேய்த்துக்கொண்டே பார்த்தாள். "என்னடி, காகிதத்தோட மல்லுக்கட்டுற?"

"சுருட்டிக்குதும்மா. நேரா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

மார்ச் 6
கருப்பு. எல்லாம் கருப்பு.

காலையில் குளித்துவிட்டு வந்தேன். அம்மா ரசீதுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பி, மேலே வேட்டியை விரித்துத் தேய்த்து முடித்திருந்தாள். எனக்குக் காட்டத்தான் வேட்டியைத் தூக்கினாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம்.

"தீயவே இல்லடி... துணி போட்டுத்தானே தேய்ச்சேன்? எப்படி?"

அந்தத் தாளில் சூட்டால்தான் எழுத்து விழும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் தாள் முழுக்க மையாகிவிட்டது. இதைச் சொல்லியிருக்கலாமே. நான் சொன்னது வேறு: "படிக்காத உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?"

நானா கத்தினேன்? நாலு பேர் இருந்தால் தண்ணீர்கூடக் கேட்காத நானா? அம்மா பிளக்கைப் பிடுங்கினாள்.

மார்ச் 7
ஆடிட்டர் கத்தவில்லை. "ஒரிஜினல் எப்படிம்மா வீட்டுக்குப் போச்சு?"

"நான்தான் சார் கொண்டுபோனேன். சூடு பட்டுடுச்சு." அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

வேன் அக்கா ஒரு ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருஷத்தையே அமாவாசை ஆக்கிட்டியே தங்கச்சி!" பிறகு சாவியை எடுத்தார். "அழுதா ரசீது வெளுக்குமா? ஏறு வண்டியில, பங்குல போய் நகல் கேப்போம்."

மார்ச் 10
அன்று பெட்ரோல் பங்க் மேனேஜர் இல்லை. இன்று அவரிடம் நானேதான் பேசினேன். முதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லும்மா, லாரி நிக்குதுல்ல!" என்றார். சொன்னேன். கார்டில் போட்டதற்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தார். ரொக்கமாகக் கொடுத்தது போனது போனதுதான். "மிச்சமாவது தேறுச்சே" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார்.

மார்ச் 11
வேலை தப்பியது. "இனி ஒரு துண்டுக் காகிதம் வாசலைத் தாண்டிச்சுன்னா, கூடவே நீயும் தாண்டிக்கோ" என்றார் ஆடிட்டர்.

அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

மார்ச் 13
ஊரார் துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் போகிறது. என் துணி மட்டும் கொடியில் அப்படியே கிடக்கிறது. இன்று பொறுக்காமல் ஏன் என்று கேட்டேன்.

"ஆபீஸ் துணியாச்சே. படிக்காதவ கை பட்டு ஏதாவது ஆயிட்டா?"

ஒரு வாரமாகக் கசங்கிய சட்டையோடுதான் போய் வருகிறேன். மன்னிச்சுக்கோ என்று சொல்லப் பார்க்கிறேன், வாய் வரவில்லை. பங்கில் வந்த குரல் சொந்த வீட்டில் எங்கே போய்த் தொலைந்தது? சட்டையை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். அம்மா பெட்டியைச் சூடேற்றுகிறாள். இதையாவது போய்க் கேட்டுவிடுகிறேன்:

அம்மா, இதைக் கொஞ்சம் தேய்ச்சுத் தர்றியாம்மா?