அக்காவிடம் வசனம் சொல்லாதே

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே நான் அழுதுவிடுகிறேன், உன் அம்மா பாதியில் பிடுங்கி வைத்துவிடுகிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அக்கா மகள் இன்னும் கண் திறக்கவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொன்னார்களே, அதற்குப் பிறகு மிஷின்தான் மூச்சு விடுகிறது. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிஷினை எடுப்பதா வேண்டாமா என்று இனிமேல் நீங்கள்தான் ஒரு முடிவுக்கு வரணும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளை அழுகிறார். அக்கா அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டாள். நம்ம பங்கு சாமியார் நோயாளிக்குப் பூசுகிற புனித எண்ணெயோடு வந்தபோது வாசலை மறித்து நின்றுகொண்டு, போன வாரமும்தானே ஜெபம் பண்ணினீங்க, இந்த ரூமுக்குள்ள இனிமே யாரும் ஜெபம் பண்ணக்கூடாது என்று கத்திவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எண்ணெய்ச் சிமிழைப் பையில் போட்டுக்கொண்டு, சும்மா உட்காரலாமாம்மா என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் பூசை முடித்ததும் வருகிறார், ஓரத்து ஸ்டூலில் உட்காருகிறார். நர்சம்மா பிள்ளைக்கு உடம்பு துடைக்கும்போது எழுந்து தண்ணீர்ப் பேசினைப் பிடிக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை, வராந்தாவில் வைத்து, அவள் இப்படிக் கடவுளைத் திட்டுகிறாளே சாமி, பாவமில்லையா என்று கேட்டேன். இல்லாத ஆள்கிட்ட யாருங்க சண்டை போடுவா, என் ஜெபத்தைவிட அவ கோபம் சுத்தமா இருக்கு என்றார். பிறகு, பூசையில ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறேனே, கையில ஒண்ணுமில்லன்னு காட்டத்தான்னு இப்போதான் தோணுது என்றார். எனக்குப் பாதிதான் விளங்கியது. நாற்பது வருஷம் டயருக்குப் பஞ்சர் ஒட்டினவனுக்கு இதெல்லாம் எங்கே ஏறும். ஆனால் அவர் கையிலும் ஒன்றுமில்லை என்று கேட்டபோது ஏனோ கொஞ்சம் மூச்சு வந்தது.

நேற்று அக்கா அவரிடம், எதுக்கு தினமும் வர்றீங்க என்று கேட்டாள். வேற என்ன செய்றதுன்னு தெரியலம்மா என்றார். பிள்ளைக்கு நகம் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை, நகவெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். மனுஷன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டினார். அக்கா சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு. அவர் உதடு அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை.

நீ அக்காவுக்குப் போனில் அனுப்புகிற பைபிள் வசனங்களை நிறுத்து தம்பி. அவள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை, உனக்கும் என்ன செய்வது என்று தெரியாமல்தானே அனுப்புகிறாய். மேலிடத்தில் லீவு கேட்டு வந்துவிடு. டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை, உனக்கும் இருக்காது, அது தெரிந்துதான் கூப்பிடுகிறேன். எல்லாரும் சேர்ந்து தெரியாமல் நிற்போம்.

ஊருக்கு நீ ஃபாதர், ஆசீர்வாதம் நீதான் கொடுக்கணும். ஆனாலும் பெற்றவன் நான், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வராதே. அந்த ரூமுக்குள் அங்கியோடு போகாதே, தம்பியாகப் போ. அவள் உன்னை அடித்தாலும் அடிப்பாள், கொஞ்சம் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா