கட்டிலடியில் ஆரஞ்சு

என் செல்ல மகளுக்கு,

அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. டயர் மாற்றும்போது ஜாக்கி சரிந்து, அவர் கால் கேரவனுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. சரணாலய வாசல் காவலர் மொதூசியை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். ஆட்களோடு வந்துசேர ஒரு மணி நேரமாகுமாம்.

நேற்று நாங்கள் உள்ளே நுழையும்போது மொதூசிதான் வண்டியை நிறுத்திக் கேட்டார்: "ஆரஞ்சு, எலுமிச்சை ஏதும் இருக்கா? வாசனை புடிச்சா ஆனை வண்டியையே புரட்டிப் போட்டுடும்."

"முப்பது வருஷமா குவாய் ஆத்துக்கு வர்றவன்கிட்ட கேக்கிற கேள்வியாய்யா இது!" என்று அப்பா சிரித்தார்.

இப்போது கட்டுப்போடத் துணி தேடினேன். கேரவன் கட்டிலடியில் ஒரு பை. நம் தோட்டத்து ஆரஞ்சு. மேலே உன் கையெழுத்தில் அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

அக்கரையில் நின்ற கொம்பன் யானை ஆற்றில் இறங்கிவிட்டது. துதிக்கை எங்கள் பக்கமே நீள்கிறது.

"அடியே, உள்ள என்னடி பண்ற? தண்ணி குடு!" என்று அப்பா கத்துகிறார்.

கொடுத்துவிட்டு, பையோடு புதர்ப் பக்கம் தூரமாக நடக்கப் போகிறேன். இங்கிருந்து எறிந்தால் பத்தடிகூடப் போகாது. என் தோள்வலிதான் உனக்குத் தெரியுமே.

யார் கேட்டாலும், பழத்தை எடுத்துவைத்தது நான்தான். அப்படியே சொல், மகளே. அப்பாவிடமும்.

உன் அம்மா