கழற்றி வைத்த ஜன்னல் கைப்பிடிகள்

இன்று காலை கிண்டியில் ஒரு கட்டிடத்தில், சாக்கு நிறைய ஜன்னல் கைப்பிடிகளைப் பார்த்தேன். முதலில் உன் ஞாபகம் வந்தது, பிறகுதான் கோபம். ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. வாசலில் 'பசுமைக் கட்டிடம்' என்று பித்தளைப் பலகை வேறு. அந்தச் சான்றிதழுக்கு, இயற்கைக் காற்றோட்டத்துக்கென்று தனி மதிப்பெண் உண்டு. திறக்கக்கூடிய ஜன்னல்களை எண்ணித்தான் அதைத் தருவார்கள். ஆய்வுக்கு ஆள் வரும் அன்று கைப்பிடிகளை மாட்டுவார்களாம். அவர் படியிறங்கியதும் கழற்றிச் சாக்கில் போட்டுவிடுவார்களாம். ஏசி குளிர் வீணாகக் கூடாதே! சான்றிதழைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் ஆலோசகர் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும் என்று காபி கொடுத்து உபசரித்தார்கள்.

இந்தப் பித்தலாட்டம் நமக்குப் புதிதா என்ன? தொண்ணூறுகளின் நடுவில் தி. நகர் ஆபீஸில் நாம் பிளான் வரைந்துகொண்டிருந்தோம். ஒரு ஜவுளிக்கடையின் மேல்தளம், அங்கே வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக. கடல்காற்று எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று நொச்சிக்குப்பத்தில் பிறந்த உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே வரிசையாக ஜன்னல், எதிர்ச்சுவரில் உயரத்தில் திறப்பு என்று வரைந்தாய். அதைக் காட்டித்தான் அனுமதி வாங்கினார்கள். கட்டி முடித்ததும் சரக்கு அடுக்கச் சுவர் வேண்டும் என்று ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

நீ விடுவிடுவென்று மாடியேறி அந்தச் சுவர் முன்னால் ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தாய். புகை அசையாமல் நேரே மேலே போனது. கடை முதலாளியும் நம் மேலாளரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாப்பது பொண்ணுங்கோ இதுக்குள்ள படுத்துக்கினு இன்னா பண்ணும்? காத்து எங்க கீது? நீ ஒரு நாள் படுத்துப் பாரு நைனா" என்றாய் முதலாளியிடம்.

மேலாளர் என் பக்கம் திரும்பி, நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று கேட்டார். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே உன்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசினாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உனுக்கு வூட்ல ஆயிரம் கீது, உடு" என்று பஸ் ஸ்டாப்பில் நீயே எனக்குச் சமாதானம் சொன்னாய். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்று நான் கையெழுத்துப் போடவில்லை. திறக்கும் ஜன்னல்கள் எத்தனை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு எழுந்து வந்தேன். இனி அங்கே எனக்கு வேலை வராது, வராமல் போகட்டும்.

ஆனால் இதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு யோக்கியதை இல்லை. உன்னை அனுப்பிய மறுநாள் உன் மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். ஆபீஸில் ஜன்னலோரம் இருந்த ஒரே மேஜை அதுதான். அன்றே போய் உட்கார்ந்துகொண்டேன். காற்று நன்றாகத்தான் வந்தது.