விலகக் காரணம்: குடியிருப்பு மாற்றம்

அக்கா,

மீராவுக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடக் காகிதம் ஒன்றுவிடாமல் கொண்டுவரச் சொன்னார்கள் என்று போன வாரம் அலமாரியைக் கலைத்தாள். அடியில் கிடந்தது, மூன்றாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். மலையாளத்தில், என் குண்டு எழுத்தில். விலகக் காரணம்: குடியிருப்பு மாற்றம்.

"நாம எப்போம்மா வீடு மாறினோம்?" என்று கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து வலியசாலை அக்ரகாரத்தில் இதே வீடுதான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூட கேட்டில்தான் நமக்குப் பழக்கம். தெருக் கூட்டும் வேலை முடிந்து, கார்ப்பரேஷன் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்விக்காக நிற்பீர்கள். நான் மீராவுக்காக. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. மீரா ஏ, செல்வி பி. ஒருநாள் கேட்டீர்கள்: "மேடம், பி டிவிஷன்ல பதினெட்டுப் பிள்ளைகளும் எங்க காலனிதான். ஏ-ல எங்க பிள்ளை ஒண்ணுகூட இல்ல. அதெப்படி அத்தன கறெக்டா வரும்?"

இரண்டு வருஷம் அங்கே நின்ற என் கண்ணில் அது பட்டதே இல்லை. தெரிந்தவர்களோடு உட்கார்ந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கூச்சம் இருக்காது என்று தலைமையாசிரியை பூசி மெழுகினார். நீங்கள் விடவில்லை. நான் டைப் அடிக்கும் வக்கீல் ஆபீசுக்கே வந்தீர்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினெட்டுப் பெயரையும் செல்வி கையால் எழுதவைத்துக் கொண்டுவந்தீர்கள். மனுவை நான்தான் டைப் செய்தேன். ஒரு பிழைகூட இருக்கக்கூடாது என்று நான்கு தடவை பார்த்தேன். அந்த மனுவைப் போல் வேறெதையும் நான் அடித்ததில்லை.

ஏப்ரலில் ஐகோர்ட் உத்தரவு வந்தது. எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்துப் பிரிக்கக்கூடாது, ஜூனில் பள்ளி திறக்கும்போது குலுக்கல் போட்டுக் கலக்க வேண்டும். ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். குலுக்கல் என்ற இடத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் மேடம் கிடையாது, வசந்தி என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். "வசந்தி..." என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தீர்கள். "வாய்க்கு வரமாட்டேங்குது. பழகிக்கிடுதேன்."

பழகியும் கொண்டீர்கள்.

மே மாதக் கடைசியில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கமுக்கமாக டி.சி. வாங்கினார்கள். "எல்லாரும் எடுத்துண்டு போறா. நம்ம கொழந்த மட்டும் அங்க எதுக்கு?" என்றார் மாமியார். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மல்லுக்கு நின்றேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிற்கவில்லை அக்கா. மறுநாள் காலையில் விண்ணப்பத்தை எழுதினேன். காரணம் என்ற இடம் வந்ததும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தலைமையாசிரியைக்கு எங்கள் வீடு தெரியும். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஜூனில் உத்தரவை அப்படியே நிறைவேற்றினார்கள். குலுக்கல் போட்டார்கள். சீட்டில் இருந்தவை காலனிப் பெயர்கள் மட்டும்.

பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே உங்களைப் பார்த்தேன். கையில் துடைப்பம். என் பக்கத்தில் மீரா, புது யூனிஃபார்ம், கழுத்தில் டை. நீங்கள் அந்த டையைப் பார்த்தீர்கள். கத்தியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னை நாறடித்திருக்கலாம். அதற்காகவே நின்றேன்.

"பாப்பாவுக்குப் புது ஸ்கூல் புடிச்சிருக்கா, மேடம்?" என்று கேட்டீர்கள்.

அதன்பிறகு உங்கள் வழியில் நான் வரவில்லை. பிள்ளைகள் போதவில்லை என்று இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். செல்வி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் இறந்த செய்தி ஆபீசுக்கு வந்த அன்று காலனி முனைவரை நடந்தேன். செல்வி என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு மீராவைக் கூப்பிட்டு மனுவிலிருந்து எல்லாம் சொன்னேன். நாம் வீடு மாறவே இல்லை என்று. செல்வி பக்கத்தில் நீ உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் எழுதினேன் என்று.

விண்ணப்பத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தாள். "அப்போ இது கள்ளம் அல்லே? பொய்தானே?" என்றாள். "அந்த கேஸ டைப் பண்ணினதும் நீதானே?"

ஆமாம் என்றேன். அவள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கையில்தான் இருக்கிறது.

கடிதத்தின் அடியில் பெயர் போட வேண்டும். ஏழு வாரம் நீங்கள் கூப்பிட்ட பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை, அக்கா.

இப்படிக்கு,
மேடம்