சுவரொட்டியில் அவருடைய படம்

வெள்ளி, இஷா தொழுத பின்.

உள்ளூராட்சித் தேர்தலில் பெண்கள் ஒதுக்கீட்டை நிரப்ப, கட்சிக்காரர்களிடம் என் பெயரைக் கொடுத்தவர் என் கணவர்தான். இன்று சுவரொட்டி வந்தது. என் பெயருக்கு மேலே அவருடைய படம்.

“பொம்புளட படத்த மதில்ல ஒட்டேலுமா, புள்ள? ஊரு என்ன கதைக்கும்?” என்றார்.

சாப்பிட்டுவிட்டு டிவி முன் உட்கார்ந்தார். ஏதோ வெளிநாட்டுத் தேர்தல் விவாதம். பெண் வேட்பாளர் ஒருத்தி எல்லாக் கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள். “என்னமா கதைக்கிறா பாரு. எலக்சன் எண்டா இப்பிடி இருக்கணும்,” என்று என்னிடமே சொல்கிறார்.

“நாளைக்கு மருதமுனைக் கூட்டத்துல நான் கதைக்கட்டா?” என்று கேட்டேன்.

“உனக்கென்னத்துக்கு அந்தக் கரைச்சல். நான் கதைக்கிறன்.”

சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் கை இன்னும் எரிகிறது. கதைக்கட்டும். எனக்கு விழும் வாக்குகளில் என்னுடையது இருக்காது.