மூவாயிரத்தில் பிடிக்கும் வண்டி

அண்ணே,

இன்று காலை தென்காசியில் சிக்னலுக்கு நின்று, பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். என்ஜின் உறுமியது, வண்டி மட்டும் நகரவா வேண்டாமா என்று யோசித்தது. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "யக்கா, க்ளட்ச் போயிட்டு போல. இந்தக் கத்து கத்துது, நகர மாட்டேங்குதே" என்றார். "இது ஆட்டோமேட்டிக், இதுல க்ளட்சே கிடையாது அண்ணாச்சி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் மூவாயிரத்தைத் தொட்டது. வண்டி பாய்ந்துவிட்டது. சிரிப்பு வந்தது. கூடவே உன்மேல் கோபமும் வந்தது.

கொச்சியில் யாரோ விற்ற அந்தப் பழைய டர்போ காரை நீ வாங்கி வந்தபோது அது சாதுவாகத்தான் இருந்தது. என்ஜினின் விசையை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை நீதான் கழற்றினாய். துபாயிலிருந்து வரவழைத்த 'ஹை ஸ்டால்' கன்வெர்ட்டரை மாட்டினாய். அதற்குப் பிறகு, என்ஜின் நன்றாகச் சுற்றி ஏறும்வரை சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. ஏறிவிட்டால் அடக்க ஆளில்லை. பந்தயத்துக்கான சாமானை வைத்துக்கொண்டு நீ காய்கறி வாங்கப் போனாய்.

நம் இருவரில் முதலில் கார் ஓட்டப் பழகியவள் நான். ஆனாலும் இதைத் தொட விட்டாயா? கேட்கும்போதெல்லாம், "ஏட்டி, இது ஒனக்குச் சரிப்படாது. மழைல ஒரு மிதி கூடுனா வழுக்கிரும்" என்பாய். உன் கொச்சிச் சிநேகிதர் வந்தால், செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் அவரை ஓட்ட விடுவாய். நான் பின்சீட்டில் பிள்ளைகளோடு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வளைவை நன்றாக எடுத்தால் அவர் தோளில் தட்டுவாய். அந்த ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு வயிறெரியும்.

காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த சிநேகிதர் போகும்போது காருக்கு விலை கேட்டார். மதினிதான், "அது வெளிய போக வேண்டாம். நீ எடுத்துக்கோ" என்று என்னிடம் தந்தாள்.

தினமும் செங்கோட்டைக்கு, என் பல் கிளினிக்குக்கு, அதில்தான் போய்வந்தேன். வாசலில் ரிவர்ஸ் எடுத்தால் காத்திருக்கும் நோயாளிகள் எழுந்து நின்றுவிடுவார்கள். நெரிசலில் ஊர்ந்தால் கியர் ஆயில் கொதித்தது. பெட்ரோலைக் குடித்தது. "பழைய கன்வெர்ட்டரையே மாட்டிருவோம் டாக்டரம்மா, தெனசரி ஓட்டத்துக்கு அதான் லாயக்கு" என்றார் மெக்கானிக். நீ ஒருநாளும் புலம்பியதில்லையே, உன் கைக்கு அடங்கியது என் கைக்கு ஏன் அடங்கவில்லை என்ற எரிச்சலில் மறுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இந்த ஆனியில் தோற்றேன். திங்கள்கிழமை கொண்டுவருவதாக அவரிடம் சொல்லிவிட்டேன்.

அதற்கு முந்தைய நாள் மதினி குற்றாலம் போகலாம் என்றாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெயின் அருவிக்கு முன்பே வேனும் பஸ்ஸுமாக ரோடு அடைத்துக்கிடந்தது. நான் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தேன். ஆயில் சூட்டு மீட்டர் ஏறியது. கருகல் வாடை வந்தது.

"நியூட்ரல்ல போடு" என்றாள் மதினி, ஜன்னலைப் பார்த்தபடியே. "ஊர்ந்துக்கிட்டே இருந்தாத்தான் கொதிக்கும். முன்னால நல்லா எடம் விழட்டும், பெறவு ஒரே மூச்சா எடு."

அப்படியே செய்தேன். சூடு இறங்கியது.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க அண்ணன்தான் சொல்லிக்குடுத்தாக. ஆய்க்குடி ரோட்டுல, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. ஒங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. என் காதுமடல் சுட்டது. சிநேகிதரைப் பொறுத்துக்கொண்டேன், அண்ணே. இது தாங்கவில்லை.

நெரிசல் விட்டதும், "நான் கொஞ்சம் ஓட்டுதேன், எறங்கு" என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து இறங்கினேன். ஐந்தருவி ரோட்டில், இடது காலைப் பிரேக்கில் லேசாக வைத்து, வலது காலால் முள்ளை ஏற்றி, பிரேக்கை மெல்ல விட்டாள். வண்டி துள்ளவே இல்லை. நனைந்த ரோட்டில் அப்படியே எழுந்து போனது. நீ ஓட்டியது போலவே இருந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் மதினியே பேசினாள். "ஒன்னய ஏன் ஓட்ட விடலன்னு நானும் கேட்டேன். 'அவ என்னய விட நல்லா ஓட்டுவா. ஒரு தடவ ஓட்டிட்டான்னா பெறவு இது எனக்கு ஆகாது'ன்னாக. சின்ன வயசுலயே ஒம்மேல பொறாம உண்டாம்லா."

கேட்டதும் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அதை நீ என்னிடமல்லவா சொல்லியிருக்க வேண்டும்? உன் வாயிலிருந்து எனக்கு வரவேண்டிய அந்த ஒரு வாக்கியமும் மதினிக்கே போயிருக்கிறது.

மறுநாள் மெக்கானிக்குக்குப் போன் செய்து, மாற்ற வேண்டாம் என்றேன். இடது காலைப் பழக்கினேன். இப்போது முக்கால்வாசி அடங்குகிறது. வாரநாட்களில் வண்டி எனக்கு, ஞாயிறு மதினிக்கு என்று பேசிக்கொண்டோம். சனிக்கிழமை சாயங்காலம் சாவியை அவள் கையில் வைக்கிறேன். என் விரல்கள் அதை உடனே விடுவதில்லை. அவளும் இழுப்பதில்லை. சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.