தொட்டும் ஓடாத ஐந்து முளைகள்

இன்று காலை கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் பூத்திருந்த உப்பைத் துடைத்தேன். விரலில் அந்தக் கவிச்சை வாடை ஏறியதும் உங்கள் சட்டை நினைவுக்கு வந்தது. பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருந்த நாட்களில் உங்கள் சட்டைக் கையெல்லாம் இதே வாடைதான். கடலே இல்லாத கோயமுத்தூரில், கணபதியில் மூன்றாவது மாடியில், பொட்டல உப்பைக் கரைத்து ஒரு கடல் வைத்த மனிதர் நீங்கள்.

துணியோடு குனிந்தபோதுதான் பார்த்தேன். பாறையின் அடியில் ஐந்து முளைகள். பழுப்பு நிறம், தலையில் மயிர் மயிராய். அந்தக் களை மறுபடி வந்துவிட்டதே என்று துணியைக் கீழே வைத்தேன். பயமா, நிம்மதியா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

முதல் முறை முளைத்தது நினைவிருக்கிறதா? நீங்கள் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்றே மூன்று வந்திருந்தன. காட்டில் களையெடுத்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? நகத்தால் கிள்ளி எறிந்தேன். பத்தே நாளில் பாறை முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தீர்கள்.

“ஏனம்மணி, சோளக்காடுன்னு நெனச்சுக் களையெடுத்துப்போட்டியா?”

“ஆமாங்க. வேரோட புடுங்கிப்போட்டேனுங்க.”

“வேரே இல்லாத சாமான் அது. கிள்ளுனா ஒவ்வொரு துணுக்கும் ஒண்ணா மொளைக்கும். மூணை முப்பதாக்கிட்டே. உன்னைய வெவசாய ஆபீசராப் போட்டிருக்கோணும்.”

வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து, ஊசிக்குழலில் ஏற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து அழித்தோம். அப்போதுதான் அந்தச் சோதனையைச் சொன்னீர்கள். “குச்சியில தொட்டுப் பாரு. வெடுக்குன்னு பொந்துக்குள்ள ஓடுனா அது களை. மெதுவா மூடுனா பாறையில நான் ஆசையா வளக்கற பொத்தான் பவளம். கையில மட்டும் தொட்டுராதே.”

கடைசி வாரத்தில், “தொட்டியப் பாத்துக்குவியா அம்மணி?” என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் என்னைக் கட்டிப்போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் மட்டம் இறங்கி உப்பு ஏறுகிறது. கரண்டு போனால் தொட்டி மோட்டார் நின்றுவிடுமே என்று, கடைக்குக் கிளம்பிய கால் பாதி வழியில் திரும்புகிறது. ஈரோட்டில் நம் பேத்தி மேடையேறிப் பரிசு வாங்கியதைக் கைபேசியில்தான் பார்த்தேன். கொடுமுடியில் உங்கள் திதி முடிந்ததும், ஆற்றில் நனைத்த சேலை காயுமுன் ஓடிவந்தேன். உங்கள் பொத்தான் பவளமோ நீங்கள் கண்மூடிய மாதமே கரைந்துவிட்டது. மிச்சம் இரண்டு மீன்கள். அவை நாலு மூலையைச் சுற்றுகின்றன, நானும்தான்.

“மறுபடி அந்தக் களை வந்தா, தொட்டியக் கடைக்காரருக்குக் குடுத்துப்போட்டு அங்கயே வந்தர்றேன் கண்ணு” என்று ஈரோட்டில் இருக்கும் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அதனால் இன்று முளைகளைப் பார்த்ததும் அவளுக்குப் போன் செய்தேன். பையில் நாலு சேலையை வைத்தேன். மத்தியானம் வளர்ப்பு மீன் கடைக்காரர் வாளியோடு வந்தார்.

குனிந்து பார்த்தார். “அதேதானுங்கம்மா. பாறையெல்லாம் வெளிய போட்டுட்டு மீனை மட்டும் நான் கொண்டு போயர்றனுங்க.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள்தான்; ஆனால் இந்தத் தொட்டி விஷயத்தில் இன்னொருவர் வெறும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல விட்டுவிடுவேனா?

“இருங்க தம்பி. தொட்டுப் பாக்காம சொல்லக் கூடாதுங்க.”

குச்சியை உள்ளே விட்டு ஒரு முளையைத் தொட்டேன். ஓடு, ஓடிவிடு என்று மனசு கெஞ்சியது. ஓடவில்லை. தூங்கப்போகிற குழந்தை விரல் மடக்குவதுபோல மெதுவாக மூடியது. அடுத்ததும் அப்படியே. ஐந்தும் அப்படியே. மூடிய விளிம்பில் மெல்லிய பச்சைக் கோடு. உங்கள் பவளம்தான். எந்தச் சந்தில் ஒட்டிக்கொண்டு இத்தனை நாள் கிடந்ததோ!

“அட, நீங்க சொல்றதுதான் சரிங்கம்மா. எனக்கே தெரியலையே” என்றார் கடைக்காரர். பெருமையாகத்தான் இருந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை.

மகளிடம் சொன்னேன். “அப்பாவோடது பொழைச்சுக்கிச்சு கண்ணு.”

“அப்ப நீ வரலையாம்மா?” என்றாள்.

பையைப் பிரித்து சேலைகளைத் திரும்ப அடுக்கினேன். சொம்பில் தண்ணீர் மொண்டு, கண்ணாடியில் நீங்கள் மையால் போட்ட கோடு வரைக்கும் ஊற்றினேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். அந்தச் சோதனையை மட்டும் சொல்லித் தராமல் போயிருந்தால், இந்நேரம் ஈரோட்டு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பேன்.